வெப்பமானியை எங்கே வைப்பது?



மார்கழி மாதத்தில் அரைத்து வைத்த இட்லி மாவு விடிந்த பிறகும் பொங்காமல் கிடப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சித்திரை மாதத்தில் அதே மாவு இரவு முடிவதற்குள் பாத்திரத்தை மீறி வழிந்து புளித்துப்போவதையும் பார்த்திருப்பீர்கள். அரிசி அதே அரிசி. உளுந்து அதே உளுந்து. அரைத்த கையும் அதே கை. மாறியது வெப்பநிலை ஒன்றுதான். மாவில் வாழும் நுண்ணுயிர்கள் குளிரில் சோம்பிக் கிடக்கின்றன; வெயிலில் விரைந்து வேலை செய்கின்றன. இந்த உண்மையை நம் தாய்மார்கள் எந்தக் கருவியின் உதவியும் இல்லாமலே அறிந்திருக்கிறார்கள்.

நொதித்தல் என்னும் இந்நிகழ்ச்சியில் வெப்பநிலையை எவ்வாறு அடக்கி ஆள்வது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். எடுத்துக்காட்டாக, ஐரோப்பிய நாடுகளில் பார்லியிலிருந்து செய்யப்படும் பீர் என்னும் பானத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். அதனைப் புகழ்வதோ இகழ்வதோ என் நோக்கமன்று. நான் அதை அருந்துபவனும் அல்லன். ஆயினும் நொதித்தலைப் பற்றி விஞ்ஞானம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி பீர் ஆலைகளில் கற்கப்பட்டதே. நானும் அதன் வாயிலாக ஒரு பாடம் கற்றேன். முதல் முறை அந்தப் பாடத்தில் தோற்றுப்போனேன். அந்தத் தோல்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

1976ஆம் ஆண்டு நான் இங்கிலாந்தில் உயிர்வேதியியல் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி ஒருவரின் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தேன். அந்நாட்டில் ஒரு காலத்தில் வீட்டில் பீர் காய்ச்சுவதற்கு உரிமம் பெற வேண்டியிருந்தது. 1963ஆம் ஆண்டில் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. அதன்பின் எளிய குடும்பத்தவர் பலர் தங்கள் வீட்டுக்கு வேண்டியதைத் தாங்களே காய்ச்சிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரரும் அவர்களுள் ஒருவர். அந்த ஆகஸ்டு மாதத்தில் அவருடைய ஒரே மகளுக்குத் திருமணம். விருந்தினருக்குக் கடையில் வாங்கிக் கொடுக்க அவருக்கு வசதியில்லை. தம் கையால் காய்ச்சியதையே கொடுக்க வேண்டும் என்னும் ஆசையும் இருந்தது.

முளைகட்டி உலர்த்திய பார்லிக்கு மால்ட் என்று பெயர். அதனை வெந்நீரில் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அந்த இனிப்பு நீரை வடித்து, கசப்புக்கும் மணத்துக்கும் ஹாப்ஸ் என்னும் கொடியின் பூக்களைச் சேர்த்துக் கொதிக்கவைப்பார்கள். பின்பு ஆறவைத்து ஈஸ்டைக் கலப்பார்கள். ஈஸ்ட் ஒரு செல்லால் ஆன பூஞ்சை. அது சர்க்கரையை உண்டு, ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. பார்ப்பதற்கு இவ்வளவுதான். ஆனால் எந்த வெப்பநிலையில் அது உண்கிறது என்பதைப் பொறுத்தே பானத்தின் மணமும் சுவையும் அமைகின்றன.

அந்த ஆண்டு கோடை இங்கிலாந்து வரலாற்றில் இடம்பெற்றுவிட்ட கோடை. ஜூன் 23 முதல் ஜூலை 7 வரை பதினைந்து நாட்கள், ஒரு நாளும் தவறாமல், நாட்டில் எங்கேனும் ஓரிடத்தில் வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. நமக்கு அது பெரிதன்று. அவர்களுக்கு அது பேரிடர். வீட்டுக்காரர் அந்த வெயிலைக் கண்டு அஞ்சினார். காய்ச்சுவதைத் தள்ளிப்போடலாமா என்று என்னைக் கேட்டார். மாடிப்படிக்குக் கீழே சாமான்கள் வைக்கும் சிறிய அறை ஒன்று இருந்தது. அதன் சுவரில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். 23 டிகிரி காட்டியது. அவர் பயன்படுத்திய ஈஸ்டுக்கு ஏற்றது 18 முதல் 22 டிகிரி வரை. ஒரு டிகிரி கூடுதலால் என்ன வந்துவிடும் என்று எண்ணித் தாராளமாக அனுமதி கொடுத்தேன்.

மறுநாள் மாலை அவர் என்னை அழைத்தார். தொட்டியின் பக்கத்தில் உள்ளங்கையை வைத்துவிட்டு, பிறகு சுவரில் வைத்தார். தொட்டி சுவரைவிட வெதுவெதுப்பாக இருக்கிறதே என்றார். நான் சுவரிலிருந்த வெப்பமானியைச் சுட்டிக்காட்டினேன். அப்போதும் 23 டிகிரிதான். கை ஏமாற்றும், கருவி ஏமாற்றாது என்று அவருக்கு விளக்கம் சொன்னேன். பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளை சொல்கிறான் என்று அவரும் அமைதியானார்.

பத்து நாள் கழித்துத் திறந்தபோது வந்த மணம் இன்றும் என் நினைவில் இருக்கிறது. மிகக் கனிந்த வாழைப்பழத்தின் வாடையும், நகச்சாயத்தைக் கரைக்கும் திரவத்தின் நெடியும் சேர்ந்து அடித்தன. ஒரு வாய் சுவைத்துப் பார்த்த அவர் தொண்டை எரிகிறது என்றார். இருபது லிட்டரையும் தோட்டத்துச் சாக்கடையில் கொட்டினோம். அவர் என்னை ஒரு வார்த்தையும் கடிந்து சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை.

நண்பர்களே, இங்கே யார் தவறினார்கள்? கருவி தவறவில்லை. அறையின் வெப்பநிலை உண்மையிலேயே 23 டிகிரிதான். ஆனால் ஈஸ்ட் அறையில் வாழவில்லை, திரவத்தில் வாழ்ந்தது. திரவத்தின் வெப்பநிலையை நான் அளக்கவே இல்லை. அவருடைய கை அளந்தது.

ஈஸ்ட் சர்க்கரையைச் சிதைக்கும்போது வெப்பம் வெளிப்படுகிறது. அதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இருபது லிட்டர் திரவத்தில் சுமார் ஒன்றரைக் கிலோ சர்க்கரை நொதிப்பதாகக் கொள்வோம். ஒரு கிலோ சர்க்கரை நொதிக்கும்போது ஏறக்குறைய 600 கிலோஜூல் வெப்பம் வெளிப்படும். ஆகவே மொத்தம் சுமார் 900 கிலோஜூல். ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடேற்ற 4.2 கிலோஜூல் தேவை. இருபது லிட்டருக்கு 84. எனவே வெப்பம் வெளியே போக வழியில்லாவிட்டால் திரவம் ஏறத்தாழ 10 டிகிரி சூடேறிவிடும். உண்மையில் ஒரு பகுதி வெளியே கசிந்துவிடும். எனினும் நொதித்தல் மும்முரமாக நடக்கும் முதல் சில நாட்களில் திரவம் அறையைவிட ஐந்தாறு டிகிரி சூடாக இருப்பது இயல்பு. நம் தொட்டி 28 அல்லது 29 டிகிரியை எட்டியிருக்க வேண்டும்.

அந்த வெப்பத்தில் ஈஸ்ட் மிக விரைவாகப் பெருகுகிறது. அப்படிப் பெருகும்போது ஈதைல் ஆல்கஹாலோடு வேறு சில கனமான ஆல்கஹால்களையும் அளவுக்கு மிஞ்சி உண்டாக்குகிறது. தொண்டை எரிச்சலுக்குக் காரணம் அவையே. ஆல்கஹால்களும் அமிலங்களும் சேர்ந்து எஸ்டர்கள் என்னும் மணப்பொருள்கள் உருவாகின்றன. வாழைப்பழ வாடையைத் தருவது ஐசோஅமைல் அசிட்டேட். நகச்சாய நெடியைத் தருவது ஈதைல் அசிட்டேட். சிறிதளவு இருந்தால் இவை நறுமணம், மிகுந்தால் நாற்றம். இவற்றில் பெரும்பகுதி ஈஸ்ட் பெருகும் முதல் இரண்டு மூன்று நாட்களிலேயே உண்டாகிவிடுகிறது. அதன்பின் குளிரவைத்தாலும் கெட்டது கெட்டதுதான்.

தோற்ற மாணவன் செல்லுமிடம் நூலகம். நானும் அங்கே சென்றேன். நான் செய்த பிழையைத் தவிர்ப்பதற்கு மனிதர் பல நூற்றாண்டுகள் பாடுபட்டிருக்கிறார்கள் என்பதை அங்கே அறிந்தேன்.

ஜெர்மனியின் பவேரியாப் பகுதியை ஆண்ட கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்ட், 1553ஆம் ஆண்டு ஓர் ஆணை பிறப்பித்தார். ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை எவரும் பீர் காய்ச்சக்கூடாது என்பது அந்த ஆணை. கோடையில் காய்ச்சியது கெட்டுப்போயிற்று. காரணம் அவர்களுக்குத் தெரியாது. ஆகவே கோடையையே விலக்கி வைத்தார்கள். வெப்பநிலையைக் கட்டுப்படுத்த வேறு வழியில்லாதபோது நாட்காட்டியைக் கொண்டு கட்டுப்படுத்தினார்கள். அங்கே குளிர்ந்த நிலவறைகளில் மெதுவாக வேலை செய்து அடியில் படியும் ஒருவகை ஈஸ்டே நிலைபெற்றது. 8 முதல் 13 டிகிரியில் நொதித்து, பிறகு பல வாரங்கள் உறைநிலைக்கு அருகில் வைக்கப்படும் லாகர் என்னும் பீர் அவ்வாறு வளர்ந்தது. 'லாகர்' என்னும் பெயரே சேமித்து வைத்தல் என்னும் ஜெர்மானியச் சொல்லிலிருந்து வந்தது. இந்த ஈஸ்ட் இரண்டு இனங்களின் கலப்பில் பிறந்தது. அவற்றுள் குளிரைத் தாங்கும் இனம் தென் அமெரிக்காவின் பாட்டகோனியாக் காடுகளில் கண்டறியப்பட்ட செய்தி 2011ஆம் ஆண்டில்தான் வெளியாயிற்று.

இங்கிலாந்தில் மைக்கேல் கோம்ப்ரூன் என்னும் பீர் வல்லுநர் 1762ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் வெப்பமானியைக் கொண்டு தொழில் செய்யும் முறையை விளக்கினார். அதுவரை கையும் முழங்கையுமே கருவிகள். வெப்பமும் ஆற்றலும் ஒன்றுக்கொன்று சமமானவை என்று 1840களில் நிறுவிய ஜேம்ஸ் ஜூல், பீர் ஆலை நடத்திய குடும்பத்தில் பிறந்தவர். சற்று முன்பு நாம் கணக்கிட்ட கிலோஜூலில் வாழ்வது அவருடைய பெயரே.

நொதித்தல் நுண்ணுயிர்களின் செயல் என்பதையும், வேண்டாத நுண்ணுயிர்கள் புகுந்தால் பீர் நோயுறும் என்பதையும் விளக்கி, லூயி பாஸ்டர் 1876ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் ஆலையின் ஆய்வுக்கூடம் 1875ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அங்கே எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883ஆம் ஆண்டு ஒரே ஒரு ஈஸ்ட் செல்லிலிருந்து தூய வளர்ப்பை உண்டாக்கினார். அந்த ஆலை இந்த முறையை மறைத்து வைக்காமல் மற்றவர்களுக்கும் வழங்கியது. இதே காலத்தில், 1870களில், கார்ல் லிண்டே என்னும் பொறியியலறிஞர் மியூனிக் நகரின் ஸ்பாட்டன் ஆலையின் ஆதரவோடு குளிர்விக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். குளத்தில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி நிலவறையில் சேமித்து வைக்கும் தேவை அதனால் குறையலாயிற்று. இன்று நம் வீட்டில் பாலையும் மருந்தையும் காக்கும் குளிர்பெட்டி அந்த முயற்சிகளுக்கு உறவு.

ஆனால் என் வீட்டுக்காரரிடம் லிண்டேயின் இயந்திரம் இல்லை. இருபது லிட்டர்த் தொட்டி அவருடைய சிறிய குளிர்பெட்டிக்குள் நுழையாது. திருமணத்துக்கு ஐந்து வாரமே இருந்தது. ஒரு வாரம் நொதிக்கவும், புட்டியில் அடைத்த பின் மூன்று வாரமேனும் தெளியவும் வேண்டும். இனியொரு முறை தவறினால் காலம் போதாது.

அப்போது எனக்கு எங்கள் ஊர்த் தண்ணீர்ப் பானை நினைவுக்கு வந்தது. மண்பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஆகவே உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறக்குறைய 2400 கிலோஜூல் வேண்டும். நொதித்தலில் எழும் வெப்பம் முழுவதும் 900 கிலோஜூல்தானே? அதனை அகற்ற அரை லிட்டருக்கும் குறைந்த நீர் ஆவியானால் போதும்! சுற்றியுள்ள காற்றும் ஈரத்துணிக்குத் தன் வெப்பத்தைக் கொடுப்பதால் உண்மையில் அதைப்போல் பல மடங்கு நீர் வேண்டும். ஆயினும் அது கைக்கு எட்டாத அளவன்று.

அகன்ற துத்தநாகத் தொட்டி ஒன்றில் சாண் உயரம் நீர் ஊற்றி, அதன் நடுவில் நொதிக்கும் தொட்டியை வைத்தோம். பழைய பருத்திப் படுக்கைவிரிப்பை அதன்மேல் சுற்றி, அடிவிளிம்பு நீரில் தோயும்படி விட்டோம். திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் துணியில் நீர் ஏறியது. எதிரே ஒரு மின்விசிறி. நாடெங்கும் தண்ணீர்ப் பஞ்சம். அந்த ஆகஸ்டில் அதற்கென்று ஒரு சட்டமே இயற்றினார்கள். ஆகவே குழாய் நீரை வீணாக்க அந்த வீட்டு அம்மையார் இசையவில்லை. காய்கறி கழுவிய நீரைச் சேர்த்துக் கொடுத்தார். வெயில் மிகுந்த நாட்களில், குளிர்பெட்டியில் உறையவைத்த நீர்ப்புட்டிகள் இரண்டைத் துத்தநாகத் தொட்டியில் மிதக்கவிட்டோம்.

இம்முறை வெப்பமானியைச் சுவரில் தொங்கவிடவில்லை. ஆய்வுக்கூடத்தில் இரவல் வாங்கிய நீண்ட வெப்பமானியைக் கிருமிநீக்கிக் கரைசலில் கழுவி, மூடியிலிட்ட துளை வழியே திரவத்தின் நடுவரை செலுத்தினோம். காலையும் மாலையும் அளவைக் குறித்தோம். தொடக்கத்தில் 18 டிகிரி, மறுநாள் 20, மூன்றாம் நாள் 21. அறை 24 டிகிரி இருந்தபோதும் திரவம் 21ஐத் தாண்டவில்லை.

நான்காம் நாள் அளவு இறங்கத் தொடங்கியது. சர்க்கரை குறையவே ஈஸ்டின் உழைப்பும் அதன் வெப்பமும் குறைந்தன. இப்போது பனிக்கட்டியை நிறுத்தி விசிறியையும் அகற்றினோம். இங்கே இன்னொரு நுட்பம் உண்டு. ஈஸ்ட் தன் வேலையின் நடுவில் விளைவித்த சில பொருள்களை முடிவில் தானே திரும்ப உட்கொண்டு விடுகிறது. வெண்ணெய் வாடை தரும் டைஅசிட்டைல் அவற்றுள் ஒன்று. முடிவில் திரவத்தை மிகவும் குளிரவைத்தால் ஈஸ்ட் உறங்கிப்போய், அந்த வாடை தங்கிவிடும். ஆகையால் முதலில் வெம்மையைத் தடுக்க வேண்டும். முடிவில் வெம்மையைக் காக்க வேண்டும். கட்டுப்பாடு என்பது எப்போதும் குளிர்வித்தல் அன்று. வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவு என்பதே.

எட்டாம் நாள் திறந்தபோது அவர் முதலில் என்னைத்தான் முகரச் சொன்னார். மெல்லிய பழ மணம், ஹாப்ஸின் கசப்பு மணம், வேறொன்றும் இல்லை. பிறகு அவர் சுவைத்தார். ஒன்றும் சொல்லாமல் புட்டிகளைக் கழுவத் தொடங்கினார். அதிலிருந்தே அவர் மனம் எனக்குப் புரிந்தது. திருமண நாளன்று அவர் தம் கையாலேயே விருந்தினர்க்கு ஊற்றிக் கொடுத்தார். எனக்கு ஆரஞ்சுச் சாறு ஊற்றிக் கொடுத்துவிட்டு, அங்கிருந்தோரிடம் என்னைக் காட்டி, இதைக் காய்ச்சியதில் இவருக்கும் பங்குண்டு என்றார். முதல் தொட்டியைப் பற்றி எவரிடமும் சொல்லவில்லை.

நாங்கள் அளவுகளைக் குறித்த சிறிய குறிப்பேடு இன்றும் என்னிடம் இருக்கிறது. நான் அவ்வீட்டை விட்டுப் புறப்பட்டபோது அவரே கொடுத்தது. முதற்பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரே ஒரு பத்தி, தலைப்பு, 'அறை'. அடுத்த பக்கத்தில் அவர் கையெழுத்தில் இரண்டு பத்திகள். தலைப்பு, 'அறை', 'உள்ளே'. பின்னர் பல ஆண்டுகள் நான் மாணவர்க்குப் பாடம் சொன்னேன். அவர்கள் ஓர் அளவைக் குறித்துக்கொண்டு வரும்போதெல்லாம் அந்த இரண்டாம் பத்தியை நினைத்துக்கொள்வேன். அளவு சரியாக இருக்கிறதா என்று கேட்பதற்கு முன், எதனுடைய அளவு இது என்று கேட்பேன்.

இதனை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ரொட்டி செய்யப் பயன்படும் ஈஸ்டில் ஒரு கரண்டி எடுத்து, வெதுவெதுப்பான சர்க்கரை நீரில் கலந்து, ஒரு தெர்மாஸ் குடுவையில் ஊற்றுங்கள். வாயை இறுக மூடாதீர்கள். கரியமில வாயு வெளியேற வேண்டும். பஞ்சால் அடைத்து, பஞ்சின் நடுவே ஒரு வெப்பமானியைத் திரவத்துக்குள் செலுத்துங்கள். ஈஸ்ட் கலக்காத சர்க்கரை நீரை மற்றொரு குடுவையில் அதே வெப்பநிலையில் ஊற்றி ஒப்பிடுங்கள். அரைமணிக்கு ஒருமுறை இரண்டையும் குறித்து வாருங்கள். ஒன்றில் அளவு மெல்ல ஏறும்; மற்றொன்றில் ஏறாது. ஏறும் குடுவையைப் பார்க்கும்போது, உயிருள்ள எதுவும் தனக்கென்று ஒரு வெப்பத்தை உள்ளே உண்டாக்கிக்கொள்கிறது என்பது உங்களுக்கு விளங்கும். உங்களைவிடக் குறைவாகப் படித்த ஒருவர் அதைக் கையால் தொட்டுச் சூடாக இருக்கிறது என்று சொன்னால், மறுப்பதற்கு முன் நீங்களும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.